ஜட்ஜ்: தீர்ப்பா, கணிப்பா, குறைசொல்லலா?

கேள்வி இது: ‘ஜட்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் நீதிபதி, தீர்ப்பளி என்று போட்டிருக்கிறது. ஆனால் ‘டோன்ட் ஜட்ஜ் மீ’ என்பதை ‘எனக்குத் தீர்ப்பளிக்காதே’ என்று எழுதினால் ஒட்டவில்லை. ‘ஜட்ஜ் த டிஸ்டன்ஸ்’ என்பதில் தீர்ப்புக்கு வேலையே இல்லை. இந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது, எந்த இடத்தில் எப்படிப் பயன்படுத்துவது? ஆங்கிலத்தில் ‘ஜட்ஜ்மென்ட்’ என்று எழுதும்போது நடுவில் ‘இ’ (e) எழுத்து வருமா, வராதா?

முதலில் சுருக்கமான விடை. ‘ஜட்ஜ்’ வினையாக வரும்போது அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ஓர் ஆளைச் சொல்லி அதோடு வாக்கியம் நின்றுவிட்டால், பெரும்பாலும் அது குறைசொல்லல். ஆளுக்குப் பின் ஒரு பண்போ அளவுகோலோ வந்தால் மதிப்பிடுதல். தூரம், வேகம், நேரம் வந்தால் கணித்தல். போட்டி வந்தால் நடுவர் வேலை. வழக்கு, குற்றம் என்று வந்தால் மட்டுமே தீர்ப்பு. அகராதியில் முதலில் நிற்கும் பொருள்தான் அன்றாட ஆங்கிலத்தில் மிகக் குறைவாகத் தேவைப்படுகிறது.

சொல் பிறந்தது நீதிமன்றத்தில்தான். லத்தீனில் ‘யூஸ்’ என்றால் சட்டம். ‘டிகெரெ’ என்றால் சொல்லுதல். இரண்டும் சேர்ந்த ‘யூடெக்ஸ்’ என்பவர், சட்டம் இன்னது என்று எடுத்துச் சொல்பவர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பிறகு அந்தச் சொல் நீதிமன்ற வாசலைத் தாண்டி வெளியே வந்து, ஒன்றைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிற எல்லாச் செயலுக்கும் பொதுவாகிவிட்டது. தமிழில் அந்த வேலைகளுக்கெல்லாம் தனித்தனி வினைகள் ஏற்கெனவே உண்டு: தீர்ப்பளி, மதிப்பிடு, கணி, எடைபோடு, சீர்தூக்கு, கருது, குற்றம் பார். ஒன்றுக்கு ஏழு என்பதால்தான் மொழிபெயர்க்கும்போது தடுமாற்றம் வருகிறது.

ஆள் மட்டும் வந்தால்

‘ஷி ஜட்ஜ்ட் மீ’, ‘ஐ ஃபெல்ட் ஜட்ஜ்ட்’, ‘ஸ்டாப் ஜட்ஜிங் பீப்பிள்’ ஆகிய மூன்றிலும் ஆளைத் தவிர வேறு எதுவும் இல்லை. மூன்றிலும் பொருள் ஒன்றுதான்: ஒருவர் தன்னை ஒரு படி மேலே வைத்துக்கொண்டு மற்றவரை மட்டமாக நினைக்கிறார். ‘அவள் என்னைக் கேவலமாக நினைத்தாள்’, ‘எல்லாரும் என்னிடம் குற்றம் பார்ப்பது போலிருந்தது’, ‘ஆளாளுக்குக் குறைசொல்வதை நிறுத்து’ என்று தமிழில் வரும்.

‘கிரிட்டிசைஸ்’ என்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கிரிட்டிசைஸ் செய்ய வாயைத் திறக்க வேண்டும், அல்லது எழுத வேண்டும். ஜட்ஜ் செய்வதற்கு ஒரு பார்வை போதும். மனத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடலாம். அதனால்தான் ‘அவர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் என்னை ஜட்ஜ் செய்தார்’ என்று ஆங்கிலத்தில் இயல்பாகச் சொல்ல முடிகிறது. இந்த இடத்தில் கிரிட்டிசைஸ் போட்டால் வாக்கியம் முரண்பட்டுவிடும். இன்னொரு வேறுபாடு: கிரிட்டிசைஸ் என்பது செயலின்மீதோ படைப்பின்மீதோ விழலாம், அதில் நியாயமும் இருக்கலாம். ‘ஜட்ஜ்’ ஆளின் தகுதியின்மீதே விழுகிறது.

ஆளுக்குப் பின் ‘ஃபார்’ வந்தால் இந்தப் பொருள் இன்னும் உறுதியாகிவிடும். ‘டோன்ட் ஜட்ஜ் மீ ஃபார் லீவிங் ஏர்லி’ என்றால், ‘சீக்கிரம் கிளம்பியதற்காக என்னைத் தப்பாக எடைபோடாதே.’ எதற்காகக் குறை காண்கிறார்கள் என்பதை ‘ஃபார்’ சொல்கிறது. நடுநிலையான மதிப்பீட்டுக்கு ‘ஃபார்’ வராது என்று வைத்துக்கொண்டால் அநேகமாகத் தவறு நேராது. ஒரு விலக்கு: போட்டிகளில் ‘த என்ட்ரீஸ் ஆர் ஜட்ஜ்ட் ஃபார் ஒரிஜினாலிட்டி’ என்று வரும், அங்கே எழுவாய் ஆள் அன்று, படைப்பு.

‘டோன்ட் ஜட்ஜ் மீ’ என்பதற்குப் பலர் ‘என்னைத் தப்பா நினைக்காதே’ என்று எழுதுகிறார்கள். பாதி சரி. ‘தப்பா நினைக்காதீங்க’ என்பதை நாம் இன்னொரு வேலைக்கும் பயன்படுத்துகிறோம்: ஒன்றைக் கேட்கத் தயங்கும்போது, மறுத்துப் பேசும்போது, ‘வருத்தப்படாதீர்கள்’ என்ற பொருளில். ஆங்கிலத்தில் அது ‘டோன்ட் டேக் இட் அதர்வைஸ்’ அல்லது ‘நோ அஃபென்ஸ்’ சொல்லும் இடம். ‘டோன்ட் ஜட்ஜ் மீ’ சொல்பவர் தன்னைப் பற்றிக் கொஞ்சம் வெட்கப்படக்கூடிய ஒன்றை வெளியே சொல்லப் போகிறார்: மூன்று நாளாகத் துணி துவைக்கவில்லை, ஒரே தொடரை நான்காவது முறை பார்க்கிறேன். அங்கே ‘இதை வைத்து என்னை மட்டமா நினைச்சிடாதே’ என்பதே பொருந்தும். விளையாட்டாகவும் சொல்வார்கள், சிரித்துக்கொண்டே சொன்னால் அது வேண்டுகோள்கூட இல்லை.

குற்றவாளி ஆக்குதல் என்ற இந்தப் பொருள் பழையது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியத்தில் மத்தேயு 7:1 ‘ஜட்ஜ் நாட்’ என்று தொடங்குகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இங்கே ‘தீர்ப்பளி’ என்று எழுதவில்லை: ‘மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்’ என்றது. எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று பார்த்துச் செய்த மொழிபெயர்ப்பு அது. அதே விவிலியத்தில் ‘ஜட்ஜஸ்’ என்ற நூலுக்கு ‘நியாயாதிபதிகள்’ என்று பெயர். அதில் வருகிறவர்களில் பெரும்பாலோர் மக்களை வழிநடத்திப் போரிட்ட தலைவர்கள் என்பதால், நீதிமன்ற நீதிபதிகளைத் தேடிப் போனால் ஏமாற்றமே. 2013-இல் போப் பிரான்சிஸ் செய்தியாளர்களிடம் சொல்லி உலகெங்கும் பரவிய ‘ஹூ ஆம் ஐ டு ஜட்ஜ்’ என்ற சொற்றொடரும் இதே குடும்பம். ‘குற்றம் சொல்ல நான் யார்?’ என்பதே அதன் தமிழ்.

ஆளுக்குப் பின் ஏதாவது வந்தால்

‘ஷி ஜட்ஜ்ட் ஹிம் டு பி ஹானஸ்ட்.’ முன்பு பார்த்த ‘ஷி ஜட்ஜ்ட் மீ’ போன்ற வாக்கியத்தோடு மூன்றே சொற்கள் கூடின, பொருள் தலைகீழாகிவிட்டது. ‘அவர் நேர்மையானவர் என்று அவள் முடிவுக்கு வந்தாள்.’ இதில் இழிவு எதுவும் இல்லை, பாராட்டே இருக்கிறது. ‘த மீட்டிங் வாஸ் ஜட்ஜ்ட் எ சக்ஸஸ்’ என்றால் ‘கூட்டம் வெற்றி என்று கருதப்பட்டது.’ ‘டு பி’ சேர்க்கலாம், விட்டுவிடலாம். ‘ஆஸ்’ சேர்த்து எழுதுகிறவர்களும் உண்டு. எழுத்து நடையில் ‘டு பி’யே சீராக இருக்கும்.

அளவுகோலைச் சொல்ல ‘பை’, ‘ஆன்’ இரண்டும் வரும். ‘ஜட்ஜ் அஸ் பை அவர் ரிசல்ட்ஸ்’, ‘ஜட்ஜ் அஸ் ஆன் அவர் ரிசல்ட்ஸ்’ இரண்டும் சரி: ‘முடிவுகளை வைத்து எங்களை எடைபோடுங்கள்.’ ஆனால் வெளித்தோற்றம் போன்ற மேலோட்டமான அடையாளத்துக்கு ‘பை’ மேல்: ‘ஜட்ஜ் பை அப்பியரன்சஸ்’. தேர்வு, போட்டி, பணிமதிப்பீடு போன்ற இடங்களில் முன்கூட்டியே அறிவித்த தலைப்புகளுக்கு ‘ஆன்’ மேல்: ‘யூ வில் பி ஜட்ஜ்ட் ஆன் க்ளாரிட்டி அண்ட் அக்யுரசி.’ ஒன்றை ஒரு தரத்தோடு ஒப்பிட்டு அளந்தால் ‘அகெய்ன்ஸ்ட்’. இரண்டில் எது என்று தேர்ந்தால் ‘பிட்வீன்’. சான்றிலிருந்து ஊகித்தால் ‘ஃப்ரம்’.

இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பேச்சுத்தமிழில் ‘ஜட்ஜ் பண்ணாதே’ என்பது குறைசொல்லும் பொருளில் மட்டுமே புழங்குகிறது. அந்தக் காதோடு ‘யூ வில் பி ஜட்ஜ்ட் ஆன்...’ என்ற அறிவிப்பைப் படித்தால் மிரட்டல் போலத் தோன்றும். எழுதியவர் மனத்தில் இருந்தது ‘இவற்றுக்கு மதிப்பெண் தரப்படும்’ என்பது மட்டுமே. எதிர்த்திசையிலும் தவறு நேர்கிறது: ‘நீங்கள் என் வேலையைப் பார்த்து மதிப்பிடுங்கள்’ என்று சொல்ல நினைத்து ‘ப்ளீஸ் ஜட்ஜ் மீ’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலம் அறிந்தவர் அதைப் படித்து விழிப்பார். ‘ப்ளீஸ் அசெஸ் மை வொர்க்’ அல்லது ‘ப்ளீஸ் இவால்யுவேட் மை வொர்க்’ என்பதே தேவை.

‘அசெஸ்’, ‘இவால்யுவேட்’, ‘எஸ்டிமேட்’ மூன்றும் ஜட்ஜுக்குப் பக்கத்து வீடுகள். ஆனால் வேறு வீடுகள். எஸ்டிமேட்டில் ஒரு எண் வெளியே வரவேண்டும்: செலவு, காலம், எண்ணிக்கை. அசெஸ் என்பது ஒரு முறைப்படி ஆராய்வது: சேதம், ஆபத்து, வரி, மாணவரின் நிலை. இவால்யுவேட் என்பது பயன் என்ன, தேறுமா தேறாதா என்று பார்ப்பது. மருந்துச் சோதனை, பாடத்திட்டம் போன்றவற்றுக்கு. ஜட்ஜ் இந்த மூன்றையும்விடத் தனிமனித அனுபவத்தை அதிகம் சார்ந்தது. அளவுகோல் எழுத்தில் இல்லாதபோதும், இருப்பதை வைத்து ஒருவர் தன் பொறுப்பில் முடிவுக்கு வருகிறார் என்ற தொனி அதில் உண்டு. ‘கன்சிடர்’, ‘டீம்’ (deem) இரண்டும் வெறும் ‘கருது’. டீம் சட்ட ஆவணங்களில் ‘இவ்வாறு கொள்ளப்படும்’ என்ற பொருளில் வரும். அங்கே ஜட்ஜ் போட முடியாது. ஏனென்றால் யாரும் எதையும் ஆராயவில்லை, சட்டமே அப்படிக் கொள்கிறது.

கணிப்பு

‘ஜட்ஜ் த டிஸ்டன்ஸ்’, ‘ஜட்ஜ் த ஸ்பீட்’, ‘ஜட்ஜ் வென் டு ஸ்டாப்’ இவையெல்லாம் அளவுகருவி இல்லாமல் கண்ணாலும் அனுபவத்தாலும் செய்வது. கண்மட்டம், கண்ணளவு, உத்தேசம், குத்துமதிப்பு என்று தமிழில் எத்தனை வழிகள்! ‘கணி’ என்ற வினையே பெரும்பாலும் போதும்: ‘எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்க முடியவில்லை.’ குத்துமதிப்பு என்பதில் கொஞ்சம் அலட்சியம் கலந்திருக்கிறது. ஓட்டுநரோ பந்தடிப்பவரோ திறமையாகக் கணித்ததைச் சொல்லும்போது அதைத் தவிர்க்கலாம்.

‘மிஸ்ஜட்ஜ்’ இங்கிருந்து பிறக்கிறது. தூரத்தைத் தவறாகக் கணித்தாலும் மிஸ்ஜட்ஜ். ஓர் ஆளைத் தவறாக எடைபோட்டாலும் மிஸ்ஜட்ஜ். ‘அவரைப் பற்றித் தப்புக்கணக்குப் போட்டுவிட்டேன்’ என்று தமிழில் சொல்வது இரண்டுக்கும் பொருந்துகிறது. ஆனால் நீதிமன்றம் தவறான தீர்ப்பு வழங்கியதை மிஸ்ஜட்ஜ் என்று சொல்வதில்லை. நிரபராதியைத் தண்டித்தால் அது ‘ராங்ஃபுல் கன்விக்‌ஷன்’. நீதி தவறிய நிகழ்வு முழுவதற்கும் ‘மிஸ்கேரேஜ் ஆஃப் ஜஸ்டிஸ்’. இதற்கு நேரெதிரில் ‘வெல்-ஜட்ஜ்ட்’: பேச்சில் சரியான இடத்தில் விட்ட இடைவெளி, அளந்து தட்டிவிட்ட பந்து போன்றவற்றுக்கு. ‘அளவறிந்து’ என்ற தமிழ்த்தொடர் இதற்குப் பொருத்தம்.

‘ஜட்ஜிங் பை’, ‘ஜட்ஜிங் ஃப்ரம்’ என்று வாக்கியத்தைத் தொடங்கும் வழக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ஜட்ஜிங் ஃப்ரம் த க்ளவுட்ஸ், இட் வில் ரெயின்.’ இலக்கணப்படி இங்கே யார் ஜட்ஜ் செய்கிறார்கள் என்று வாக்கியத்தில் இல்லை. மற்ற வினைகளில் இப்படித் தொங்கவிட்டால் பிழை என்பார்கள். இந்தத் தொடர் முன்னிடைச்சொல் போல நிலைத்துவிட்டதால் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. இதைத் தமிழாக்கும்போது மதிப்பிடு, கணி என்று எதையும் தேட வேண்டாம். ‘மேகத்தைப் பார்த்தால் மழை வரும் போலிருக்கிறது.’ அந்த ‘பார்த்தால்’ எல்லா வேலையையும் செய்துவிடுகிறது. ‘மேகங்களிலிருந்து மதிப்பிடும்போது’ என்று எழுதப்பட்ட மொழிபெயர்ப்புகளைப் பார்த்தால், மூல வாக்கியம் அப்படியே உள்ளே தெரியும். இதேபோல் ‘இட் இஸ் ஹார்ட் டு ஜட்ஜ்’ என்பது ‘சொல்வது கடினம்’. ‘ஜட்ஜ் ஃபார் யுவர்செல்ஃப்’ என்பது ‘நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்’. ‘ஆஸ் ஃபார் ஆஸ் ஐ கேன் ஜட்ஜ்’ என்பது ‘எனக்குத் தெரிந்தவரை’. சொல் காணாமல் போனால் பரவாயில்லை, பொருள் வந்துவிட்டது.

பிழையாக எழுதப்படும் வடிவங்கள் இரண்டு. ‘ஜட்ஜ் அபௌட் ஹிம்’ கிடையாது. ‘ஜட்ஜ் ஹிம்’ மட்டுமே. தமிழில் ‘அவரைப் பற்றி’ என்று வருவதால் இந்த ‘அபௌட்’ ஒட்டிக்கொள்கிறது. ‘ஜட்ஜ் ஆன் ஹிம்’ என்பதும் கிடையாது. ‘ஆன்’ அளவுகோலுக்கு முன் வரும், ஆளுக்கு முன் வராது. ‘பாஸ் ஜட்ஜ்மென்ட் ஆன் ஹிம்’ என்பதில் ஆளுக்கு முன் ‘ஆன்’ வருவதைக் கேட்டுக் குழம்பியிருப்பார்கள். அது பெயர்ச்சொல்லோடு வரும் அமைப்பு.

மேக், கிவ், பாஸ்

‘ஜட்ஜ்மென்ட்’ என்ற பெயர்ச்சொல்லோடு எந்த வினை சேர்கிறது என்பதில்தான் பொருள் பிரிகிறது. ‘மேக் எ ஜட்ஜ்மென்ட்’ என்றால் கிடைத்த தகவலை வைத்து ஒரு முடிவுக்கு வருதல். நல்லது கெட்டது எதுவும் இல்லை. ‘கிவ் ஜட்ஜ்மென்ட்’ அல்லது ‘டெலிவர் ஜட்ஜ்மென்ட்’ என்றால் நீதிமன்றம் தீர்ப்பு வழங்குதல். இங்கே ‘எ’ என்ற சுட்டு இல்லாமலும் வரும். ‘பாஸ் ஜட்ஜ்மென்ட்’ நீதிமன்றத்துக்கும் வரும். வெளியே ஓர் ஆள்மீது பயன்படுத்தினால் மட்டம் தட்டுதல்தான். ‘சிட் இன் ஜட்ஜ்மென்ட்’ இன்னும் கடுமை: அதிகாரமே இல்லாதவர் பெரிய நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார் என்ற குத்தல். ‘நாட்டாமை பண்ணாதே’ என்று நாம் சொல்வதில் அந்தக் குத்தல் அப்படியே இருக்கிறது.

‘ரிசர்வ்’ சேரும்போது ஏமாந்துவிடக் கூடாது. அன்றாட ஆங்கிலத்தில் ‘ஐ வில் ரிசர்வ் ஜட்ஜ்மென்ட்’ என்றால், ‘முழுசாகத் தெரியும்வரை நான் எதுவும் சொல்லப் போவதில்லை.’ நீதிமன்றச் செய்தியில் ‘ஜட்ஜ்மென்ட் ரிசர்வ்ட்’ என்றால், வாதங்கள் முடிந்துவிட்டன, தீர்ப்பு பின்னொரு நாளில் வரும். நம் செய்தித்தாள்களில் ‘தீர்ப்பு ஒத்திவைப்பு’ என்பது இதுவே. விசாரணை தள்ளிப்போவது ‘அட்ஜர்ன்’. அதற்கும் நாம் ‘ஒத்திவைப்பு’ என்றே எழுதுவதால், ஒத்திவைக்கப்பட்டது தீர்ப்பா விசாரணையா என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

‘எரர் ஆஃப் ஜட்ஜ்மென்ட்’ பொதுவாழ்வில் இருப்பவர்களின் மன்னிப்பு அறிக்கைகளில் அடிக்கடி வரும். தேர்ந்தெடுத்த சொல் அது: செய்தது தவறு, ஆனால் உள்நோக்கம் இல்லை, சூழ்நிலையைச் சரியாகக் கணிக்கவில்லை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. ‘தவறான தீர்ப்பு’ என்று மொழிபெயர்த்தால் யாரோ நீதிபதி தவறு செய்ததாகிவிடும். ‘கணிப்பில் நேர்ந்த பிழை’, ‘யோசிக்காமல் எடுத்த முடிவு’ என்று எழுதலாம்.

‘அகெய்ன்ஸ்ட் மை பெட்டர் ஜட்ஜ்மென்ட்’ என்பதற்கு ‘மனசு வேண்டாம் என்று சொல்லியும்’ என்பதைவிட நல்ல தமிழ் இல்லை. ‘ஸ்னாப் ஜட்ஜ்மென்ட்’ எடுத்த எடுப்பில் கட்டிய முடிவு. ‘ஜட்ஜ்மென்ட் கால்’ என்றால், விதிப்புத்தகம் விடை சொல்லாத இடத்தில் பொறுப்பில் இருப்பவர் தன் அனுபவத்தை நம்பி எடுக்கும் முடிவு. இன்னொருவர் வேறு மாதிரி முடிவெடுத்தாலும் அதையும் தவறு என்று சொல்லிவிட முடியாது. ‘வேல்யூ ஜட்ஜ்மென்ட்’ என்றால், அளந்து காட்ட முடிகிற உண்மையைச் சொல்லாமல், நல்லது, அழகு, கேவலம் என்று தன் விருப்பு வெறுப்பை ஏற்றிச் சொல்வது. ‘இந்தக் கட்டடம் 30 மீட்டர் உயரம்’ என்பது தகவல். ‘இந்தக் கட்டடம் அசிங்கம்’ என்பது வேல்யூ ஜட்ஜ்மென்ட்.

நீதிமன்ற வட்டத்துக்குள் ஜட்ஜ்மென்ட்டோடு குழப்பிக்கொள்ளும் சொற்களும் உண்டு. ‘வெர்டிக்ட்’ என்பது குற்றவாளியா இல்லையா என்ற முடிவு. ஜூரி முறை உள்ள நாடுகளில் அதைச் சொல்வது ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த குழு. ‘சென்டென்ஸ்’ என்பது தண்டனை. ‘ரூலிங்’ என்பது வழக்கின் நடுவே எழும் ஒரு கேள்விக்கு நீதிபதி சொல்லும் முடிவு: இந்தச் சான்றை ஏற்கலாமா, இந்தச் சாட்சியை விசாரிக்கலாமா என்பது போல. ‘ஜட்ஜ்மென்ட்’ என்பது காரணங்களோடு சேர்ந்த நீதிமன்ற முடிவு. நான்கையும் தமிழில் ‘தீர்ப்பு’ என்று எழுதிவிடும் பழக்கத்தால், ‘தீர்ப்பு வந்துவிட்டது, தண்டனை விவரம் பிறகு’ போன்ற செய்திகள் வாசகருக்குப் புதிராக இருக்கின்றன. நீதிபதி வழக்கை விசாரிப்பதையும் ‘ஜட்ஜ் எ கேஸ்’ என்று சொல்வது அரிது. ‘ஹியர்’, ‘ட்ரை’, ‘டிசைட்’ என்பவையே வழக்கறிஞர்கள் வாயில் வருபவை.

ஆளைக் குறிக்கும்போது

நீதிமன்றத்தில் ஜட்ஜ் என்றால் நீதிபதி. அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் உச்ச நீதிமன்றத்தில் இருப்பவர்களின் பதவிப்பெயர் ‘ஜஸ்டிஸ்’. தமிழில் ‘நீதியரசர்’ என்ற சொல் அந்த மரியாதையைத் தாங்கி நிற்கிறது. ‘மேஜிஸ்ட்ரேட்’ வேறு பதவி. தமிழ்நாட்டு வழக்கில் ‘நீதித்துறை நடுவர்’, இலங்கை வழக்கில் ‘நீதவான்’.

விளையாட்டில் தமிழ் எல்லாரையும் ‘நடுவர்’ ஆக்கிவிடுகிறது. ஆங்கிலம் பிரித்துப் பார்க்கிறது. ஆட்டத்தோடு ஓடி விதியை நடைமுறைப்படுத்துபவர் ரெஃப்ரீ: கால்பந்து, கூடைப்பந்து. பெரும்பாலும் ஓர் இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ முடிவு சொல்பவர் அம்பயர்: கிரிக்கெட், டென்னிஸ். விதி மீறலைவிடத் தரத்தைப் பார்த்து மதிப்பெண் போடுபவர் ஜட்ஜ்: ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல்குளப் பாய்ச்சல், ஃபிகர் ஸ்கேட்டிங். குத்துச்சண்டையில் இரண்டு பேரும் உண்டு: வளையத்துக்குள் நிற்பவர் ரெஃப்ரீ, வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளி எழுதுபவர்கள் ஜட்ஜ்கள். டென்னிஸின் ‘லைன் ஜட்ஜ்’ மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதே அவர் வேலை, மதிப்பெண் இல்லை.

தரம் பார்க்கும் வேலையில் தனிமனித விருப்பு வெறுப்பு புகுந்துவிடும் என்பது விளையாட்டு அமைப்புகளுக்குத் தெரியும். அதனால்தான் பாய்ச்சல் போட்டியில் ஏழு ஜட்ஜ்கள் இருந்தால், மிக அதிகமான இரண்டு மதிப்பெண்ணையும் மிகக் குறைவான இரண்டையும் தள்ளிவிட்டு, நடுவிலுள்ள மூன்றைக் கூட்டி, பாய்ச்சலின் கடின அளவால் பெருக்குகிறார்கள். ஒருவர் 7, 7.5, 7.5, 8, 8, 8.5, 9.5 வாங்கினால் எண்ணிக்கையில் வருவது 7.5, 8, 8 மட்டும், கூட்டுத்தொகை 23.5. கடின அளவு 3.0 என்றால் 70.5 புள்ளி.

‘அட்ஜட்ஜ்’ என்ற உறவுச்சொல் இந்தப் பக்கம் வரும்: அதிகாரபூர்வமாக அறிவித்தல். சிறந்த ஆட்டக்காரராக அட்ஜட்ஜ்ட், எல்.பி.டபிள்யூ. என்று அட்ஜட்ஜ்ட், திவாலானவர் என்று அட்ஜட்ஜ்ட். ‘அட்ஜுடிகேட்’ என்றால் பிணக்கையோ போட்டியையோ விசாரித்து முடிவு சொல்லுதல். கணினி நிரல் எழுதும் போட்டிகளில் ‘ஆன்லைன் ஜட்ஜ்’ என்று ஒன்று உண்டு. அது ஆளே இல்லை, அனுப்பிய நிரலை ஓட்டிப் பார்த்துச் சரி, தவறு, நேரம் தாண்டியது என்று சொல்லும் மென்பொருள். அதை மொழிபெயர்க்காமல் விடுவதே நல்லது.

‘எ குட் ஜட்ஜ் ஆஃப் கேரக்டர்’ என்பவர் நீதிபதியும் இல்லை, நடுவரும் இல்லை. ஆளைப் பார்த்ததுமே எடைபோடத் தெரிந்தவர். ‘ஐ வில் பி த ஜட்ஜ் ஆஃப் தட்’ என்பது கொஞ்சம் வெடுக்கென்ற பேச்சு: ‘அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சொல்லத் தேவையில்லை.’ மேலதிகாரியிடம் சொல்லும் வாக்கியம் இல்லை இது.

புத்தகத்தை அட்டையை வைத்து எடைபோடாதே என்ற பழமொழிக்கு ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்று இணை சொல்கிறார்கள். சரியாகப் பொருந்தாது. பளபளப்பைக் கண்டு ஏமாறாதே என்ற ஒரு பக்கத்தை மட்டுமே அது சொல்கிறது. ஆங்கிலப் பழமொழி அதிகமாகப் புழங்குவது எதிர்ப்பக்கத்தில்: தோற்றம் எளிமையாக இருப்பதால் ஒருவரைத் தள்ளிவிடாதே. அதற்குத் திருக்குறளின் 667-ஆம் குறள் தொடக்கமான ‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும்’ என்பது அச்சாகப் பொருந்துகிறது.

ஒலியால் ஒன்று, பொருளால் வேறு

‘ஜட்ஜ்மென்டல்’ ஆளைப் பற்றி வந்தால் வசைச்சொல். ‘நல்ல முடிவெடுக்கும் திறன் உள்ளவர்’ என்று எண்ணித் தன்விவரக் குறிப்பில் இதைப் போட்டுக்கொண்டால் விபரீதம். அந்தப் பொருளுக்கு ‘ஜுடிஷியஸ்’ இருக்கிறது, அல்லது ‘ஹேஸ் சவுண்ட் ஜட்ஜ்மென்ட்’. ஜுடிஷியஸ் என்றால் விவேகமுள்ள, அளவறிந்த. ‘ஜுடிஷியல்’ என்றால் நீதித்துறை சார்ந்த. அதில் விவேகம் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே இல்லை. ‘ஜுடிஷியரி’ நீதித்துறை.

‘நான்-ஜட்ஜ்மென்டல்’ என்பது உளவியல் ஆலோசனையில் முக்கியமான சொல். ‘தீர்ப்பிடாத அணுகுமுறை’ என்று எழுதப்படுவது மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. ‘குற்றம் பார்க்காமல் கேட்பது’ என்றால் எல்லாருக்கும் புரியும். ‘குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை’ என்ற கொன்றைவேந்தன் வரியால் அந்தத் தொடர் நமக்கு நன்றாகப் பழகியிருக்கிறது. ‘ப்ரெஜுடிஸ்’ லத்தீனில் முன்தீர்ப்பு. இன்று முன்முடிவோடு கூடிய வெறுப்பு. சட்டக் கடிதங்களில் வரும் ‘விதௌட் ப்ரெஜுடிஸ்’ என்பதற்கும் இந்த வெறுப்புக்கும் தொடர்பில்லை. ‘என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்’ என்பது அதன் பொருள்.

ஆளுமைச் சோதனைகளில் வரும் ‘ஜட்ஜிங்’ என்பதும் இப்படித்தான். மயர்ஸ்-பிரிக்ஸ் வகைப்பாட்டில் ‘ஜே’ (ஜட்ஜிங்கின் முதலெழுத்து) வந்தவர்கள் மற்றவர்களைக் குறைசொல்பவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே அது திட்டமிட்டு, முடிவெடுத்து, வேலையை முடித்துவைக்க விரும்பும் போக்கைக் குறிக்கும் பெயர். அதன் எதிர்முனை, முடிவைத் திறந்தே வைத்திருக்க விரும்பும் ‘பர்சீவிங்’.

உச்சரிப்பும் எழுத்தும்

‘ஜட்ஜ்’ ஓரசைச் சொல். இறந்தகால வடிவமும் ஓரசையே: ‘ஜட்ஜ்ட்’. ‘ஜட்ஜெட்’ என்று இரண்டாக உடைப்பது பரவலான பிழை. ‘ஜட்ஜஸ்’, ‘ஜட்ஜிங்’ மட்டுமே ஈரசை. அந்த ‘யு’ எழுத்து இங்கே அகரத்துக்கு அருகிலான குறில். ‘ஜுடிஷியல்’, ‘ஜுடிஷியஸ்’ இரண்டிலும் அதே எழுத்து ஊகாரமாகிவிடும். நடுவில் நிற்கும் ‘டி’ (d) எழுத்து குறிலுக்கு அடையாளம்: ஜட்ஜ், பிரிட்ஜ், எட்ஜ். நெடில் ஒலி வந்தால் ‘டி’ வராது: ஹ்யூஜ், பேஜ், ரேஜ்.

இனி அந்த ‘இ’. பிரிட்டிஷ் வழக்கில் பொதுவான எழுத்தில் ‘ஜி’க்குப் பின் ‘இ’ சேர்த்து ஜட்ஜ்மென்ட் எழுதுவது இயல்பு. நீதிமன்றத் தீர்ப்பைக் குறிக்கும்போது அங்கேயும் ‘இ’ இல்லாத வடிவமே மரபு. அமெரிக்க வழக்கில் எல்லா இடத்திலும் ‘இ’ இல்லை. ஆகவே சட்டம் சார்ந்து எழுதினால் எந்த நாட்டுக்கு எழுதினாலும் ‘இ’யை விட்டுவிடுங்கள். மற்ற எழுத்துகளில் எந்த வழக்கைப் பின்பற்றுகிறீர்களோ அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். ஜட்ஜ்மென்டல் என்பதையும் அதே முறையில் எழுத வேண்டும். ‘ஜட்ஜிங்’ என்பதில் எந்த வழக்கிலும் ‘இ’ கிடையாது. சொற்செயலியின் பிழைதிருத்தி ‘இ’யோடு எழுதியதைச் சிவப்புக்கோடிட்டால், முதலில் அதன் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.